தவளையின் இடது கண்

மார்ச் 3

அன்புள்ள அத்தானுக்கு,

வெட்கக்கேடான ஒரு விஷயத்தை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். நலம் விசாரித்து, மழை வெயில் எல்லாம் எழுதி முடிப்பதற்குள் தைரியம் ஆவியாகிவிடும். நேற்று மாலை எதிர்வீட்டுத் தையல்காரரின் மனைவி மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது நான் அவரைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டேன். நான் என்றால் நானில்லை, உங்கள் கார். ஆனால் உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டியபடி உட்கார்ந்திருந்தவன் நான் என்பதால், தெருவைப் பொறுத்தவரை கண்ணடித்தவனும் நானே.

தையல்காரர் கத்திரிக்கோலோடு இறங்கி வந்தார். "என்ன சார், இந்த வயசுல?" என்றார். உங்கள் காரின் விளக்குகள் மற்ற கார்களைப் போல முழித்துக்கொண்டே இருப்பவை அல்ல, பானெட்டுக்குள் படுத்துக்கிடந்து சுவிட்சைப் போட்டால் எழுந்து நிற்பவை, அதில் ஒன்று மட்டும் எழுந்துவிட்டது என்று விளக்கினேன். என் விளக்கத்தைவிடக் கத்திரிக்கோல் கூர்மையாக இருந்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டேன். மாடிக்கு வந்தால் உங்கள் தங்கச்சி, அதாவது என் வீட்டுக்காரி, சொல்கிறாள்: "கண்ணடிக்கத் தெரிஞ்ச ஆளுதானா நீங்க? இத்தனை வருஷமா எனக்கு ஒரு தடவை அடிச்சதில்லையே."

நடந்தது இதுதான். நீங்கள் மாற்றலாகிப் போகும்போது சாவியை என்னிடம் கொடுத்து என்ன சொன்னீர்கள்? வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய், விளக்கை ஒருமுறை ஏற்றி இறக்கு, கேட்டைத் தாண்டாதே. முதல் இரண்டையும் தவறாமல் செய்தேன். மூன்றாவதை நேற்றுத் தாண்டினேன். தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவரலாம் என்ற நப்பாசை. திரும்பி உள்ளே நுழையும்போது கேட் தூணில் இடது மூலை இடித்துவிட்டது. பிரேக்கை மிதித்ததில் நெற்றி ஸ்டியரிங்கில் மோதி, கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இப்போது சுவிட்சைப் போட்டால் வலது கண் மரியாதையாக எழுந்து தெருவைப் பார்க்கிறது. இடது கண் யோசித்து யோசித்து எழுந்து மரத்து உச்சியைப் பார்க்கிறது. அணைத்தால் அதன் மூடி ஒட்ட உட்காராமல், பொங்குகிற பாத்திரத்தின் மூடி மாதிரி ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. நாம் வைத்த தவளை என்ற பேருக்கு இப்போதுதான் முழுப் பொருத்தம்.

அக்காவுக்கு எதுவும் தெரியாது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையை முடித்துவிட்டு மாலை வருகிறாள், கீழ்வீட்டுக் கதவைத் திறக்கிறாள், மூடுகிறாள். ஷெட் பக்கம் அவள் திரும்பிப் பார்த்து இரண்டரை வருஷமாகிறது. இருந்தாலும் தவளைமேல் ஒரு பழைய மெத்தை உறையைப் போர்த்தி வைத்திருக்கிறேன்.

குற்ற உணர்ச்சியில் சோறு இறங்கவில்லை என்று எழுத ஆசைதான். இறங்குகிறது, ருசிதான் தெரியவில்லை. கடையில் என் வேலையே வாடிக்கையாளருக்கு மெத்தையில் படுத்துக் காட்டுவது. இன்று படுத்துப் பெருமூச்சு விட்டதில் ஒருவர், "உங்களுக்கே தூக்கம் வரலைன்னா நாங்க எதை நம்பி வாங்கறது?" என்று எழுந்து போய்விட்டார்.

போன் செய்திருக்கலாம். நீங்கள் போனில் "ம்" என்ற ஒரே எழுத்தை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறவர். திட்டுவதாக இருந்தாலும் விரிவாகத் திட்டி எழுதுங்கள். விளக்கை எப்படிச் சரிசெய்வது என்றும் எழுதுங்கள்.

உங்கள் மன்னிப்பை எதிர்பார்க்கும்,
மச்சினன்

—

மார்ச் 9, காலை

மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்று. கழற்றாமல் விளக்குக்குள் கையை விடாதே. மோட்டார் திடீரென்று இழுத்தால் மூடி விரலைக் கடித்துவிடும்.

மோட்டாரின் முனையில் ரப்பர் மூடிக்குக் கீழே ஒரு திருகு குமிழ் இருக்கும். அதைக் கையால் சுற்றினால் விளக்கு மெதுவாக ஏறும், இறங்கும். வலது விளக்கையும் அப்படியே சுற்றிப் பார். இரண்டும் ஒரே இடத்தில் நிற்கின்றனவா என்று கவனி. இடதில் மோட்டாரையும் விளக்கையும் இணைக்கும் கம்பியின் நட்டு தளர்ந்திருக்கும்.

முதலில் மூடி. இறங்கிய நிலையில் அது பானெட்டோடு ஒரே மட்டமாக இருக்க வேண்டும். நகத்தை வைத்துத் தேய்த்துப் பார், தடுக்கக் கூடாது. கீழே இருக்கும் ரப்பர் கட்டைகளைத் திருகினால் உயரம் மாறும். இது சரியாகாமல் ஒளியைத் தொடாதே.

பிறகு ஒளி. சமதளமான தரை, எதிரே வெள்ளைச் சுவர். டயர்களில் காற்று சரியாக இருக்கட்டும். ஓட்டுநர் இருக்கையில் நீ உட்கார். காலிக் காரில் சரிசெய்வது வீண். அந்த ஸ்பிரிங்குகளுக்கு வயதாகிவிட்டது, ஆள் உட்கார்ந்த பக்கம் தாழும். நீ உட்கார்ந்திருக்க, வேறொருவர் தரையிலிருந்து ஒவ்வொரு விளக்கின் நடுப்பகுதிக்கும் உயரம் அளக்கட்டும். அதே உயரத்தில் சுவரில் டேப் ஒட்டு. ஏழரை மீட்டர் பின்னால் வா. ஒளியின் மேல் விளிம்பு டேப்புக்கு நான்கு விரல் கீழே விழ வேண்டும். விளக்கைச் சுற்றி இரண்டு திருகுகள். மேலே உள்ளது ஏற்ற இறக்கத்துக்கு, பக்கத்தில் உள்ளது இட வலத்துக்கு. கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருகாதே.

இரண்டு பக்க உயரத்தையும் எனக்கு எழுது. தூணில் எந்த உயரத்தில் இடித்தது என்பதையும் எழுது. உள்ளே தகடு வளைந்திருக்குமா என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம்.

அன்புடன்,
அத்தான்

—

மார்ச் 9, மாலை

மாப்பிள்ளை,

உனக்கு அடி பலமா? நெற்றி இடித்தது என்று எழுதியிருந்தாய். தலைசுற்றல், வாந்தி ஏதாவது உண்டா? எக்ஸ்ரே எடுத்தாயா?

காலையில் எழுதியதைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட் தரைக்குக் கட்டைவிரல் அளவு மேலே நிற்கிறது என்று புகார். நான் போய் நின்ற நேரம் கதவு திறந்தது, வெளியே வந்த ஒரு பெண்மணி தடுக்கி உட்கார்ந்துவிட்டார். நான் குனிந்தேன். லிஃப்ட் இயக்குபவர் சொன்னார்: "சார், அந்தம்மா இந்தப் பக்கம் இருக்காங்க. நீங்க இடுக்கைப் பாத்துக்கிட்டிருக்கீங்க."

அப்போதுதான் உன் கடிதத்தில் நெற்றி என்று ஒரு வரி இருந்தது ஞாபகம் வந்தது. தபால் பெட்டிக்குத் திரும்பிப் போனேன். எடுத்துப் போயிருந்தார்கள்.

உன் அக்காவும் அதே தூணில்தான் இடித்தாள். உனக்குத் தெரிந்திருக்கும். தெரியாதது மிச்சம். சத்தம் கேட்டு ஓடிவந்தேன். நேராக இடது விளக்குக்குப் போய்க் குனிந்தேன். கண்ணாடி உடைந்ததா, மூடி வளைந்ததா என்று தடவிப் பார்த்தேன். நிமிர்ந்தபோது ஓட்டுநர் இருக்கை காலி. விளக்கைச் சரிசெய்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போனேன். நெற்றியில் ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்தாள். "என்னாச்சு?" என்று கேட்டேன். "லைட்டுக்கு ஒண்ணும் இல்லையே?" என்றாள்.

அது கிண்டல் என்று எனக்கு உடனே புரியவில்லை. "இல்லை, சரியாயிடுச்சு" என்று பதில் வேறு சொன்னேன்.

மாற்றல் உத்தரவு வந்தபோது போக வேண்டாம் என்று சொல்வாள் என்றிருந்தேன். பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்துக் கொடுத்தாள்.

விளக்கு எப்படியோ போகட்டும். உன் நெற்றியைப் பற்றி எழுது.

அத்தான்

—

மார்ச் 16

அன்புள்ள அத்தானுக்கு,

என் நெற்றி நலம். அதில் வீங்க இடமிருந்தும் வீங்கவில்லை. தலைசுற்றல் இல்லை. வாந்தி இல்லை. நீங்கள் விசாரித்ததில் எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே போய்விட்டது. ஏன் என்று கேட்காதீர்கள்.

உங்கள் இரண்டு கடிதங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முதல் கடிதத்தைத் தபால்காரர் கீழ்வீட்டில் கொடுத்துவிட்டார். அக்கா உறையில் கையெழுத்தைப் பார்த்தாள். எனக்கு வந்த கடிதத்தை அவளே பிரித்து, முதல் வரியை மட்டும் படித்தாள். மடித்து உப்பு ஜாடிக்குக் கீழே வைத்தாள். "உனக்குத்தான். பேட்டரியைக் கழட்டணுமாம்" என்றாள். 

மறுநாள் இரண்டாவது வந்தது. அதிலும் முதல் வரியைப் படித்தாள். மடிக்கவில்லை. உட்கார்ந்தாள். பிறகு முழுவதையும் படித்தாள், நான் மாடிப்படியில் நின்று எட்டிப் பார்ப்பதைக்கூடக் கவனிக்காமல். எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். வெகுநேரம் தண்ணீர் ஓடியது. ஒரு பாத்திரம்கூடக் கழுவவில்லை, நான் போய்ப் பார்த்தேன். வேவு பார்ப்பது தப்புதான், என்னை வேறெதற்காக இந்தக் குடும்பத்தில் வைத்திருக்கிறீர்கள்?

சரி, தவளைக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் மெத்தைக் கிடங்கில் வைத்துக் காரியத்தை முடித்தோம். சிமெண்டுத் தரை, வெள்ளையடித்த சுவர், மெத்தை கட்டும் டேப் தேவைக்குமேல். ஓட்டுநர் இருக்கையில் நான் உட்கார்ந்தேன். அந்த இருக்கைக்குள் நான் இறங்குவதும் ஏறுவதும் தனிக் கதை. நூறு கிலோவுக்கு இரண்டுதான் குறைவு என்பதால் கார் ஒரு பெருமூச்சு விட்டுக்கொண்டு என் பக்கம் சாய்ந்தது. வீட்டுக்காரி டேப் பிடித்தாள்.

விளக்கு இறங்கியபின் மூடியில் நகத்தை வைத்துத் தேய்த்தோம், தடுக்கவில்லை. ஒளி முதலில் சுவரைத் தாண்டிக் கூரைக்குப் போனது. கால் கால் சுற்றாகத் திருகித் திருகி இறக்கியதில் நான்கு விரல் கணக்குச் சரியாக வந்தது. நான் சும்மா இருக்காமல் எட்டிப் பார்த்ததால் ஒளி ஆடியது. "ஆடாத. மூச்சைப் பிடி" என்று ஒரு அதட்டல் வேறு.

நீங்கள் கேட்ட உயரங்கள்: ஓட்டுநர் பக்கம் அறுபத்தாறு சென்டிமீட்டர், மறுபக்கம் அறுபத்து நாலரை.

இப்போது இரண்டு கண்ணும் ஒன்றாக எழுகின்றன, ஒன்றாகப் படுக்கின்றன. தையல்காரரும் சமாதானமாகிவிட்டார். எனக்குத்தான் மனசுக்குள் ஒரு ஓரம் மூடாமல் தூக்கிக்கொண்டே நிற்கிறது.

அன்புள்ள,
மச்சினன்

—

மார்ச் 22

மாப்பிள்ளை,

நெற்றி நலம் என்று அறிந்து நிம்மதி. உங்கள் எல்லோருடைய நலமும் அறிய ஆவல். இதை முதலில் எழுதப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

உன் அளவுகளைப் பார்த்தேன். ஓட்டுநர் பக்கம் உயர்ந்திருக்கிறது, மறுபக்கம் ஒன்றரை சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கிறது. கார் உன் பக்கம் சாய்ந்தது என்று நீயே எழுதியிருக்கிறாய். எனில் உன் பக்கம் என்பது ஓட்டுநர் பக்கம் அல்ல. தொண்ணூற்றெட்டு கிலோ பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தது. ஓட்டுநர் இருக்கையில் உன்னைவிட மிகவும் எடை குறைந்த ஒருவர்.

அளவை மாற்றி எழுதிவிட்டாய் என்றுதான் முதலில் நினைத்தேன். மறுபடி படித்தேன். உன் வீட்டுக்காரி அதட்டினால் "ஆடாம உக்காருங்க" என்பாள். "மூச்சைப் பிடி" என்று ஒருத்திதான் சொல்வாள். எனக்குச் சளி பிடித்தபோது தெர்மாமீட்டர் வைக்கும்போதுகூட அப்படித்தான் சொன்னாள்.

உன்னைக் கோபிக்கவில்லை. ஒன்று மட்டும் சொல். ஓட்டுநர் இருக்கையை முன்னால் இழுத்துப் போட்டாளா? அவளுக்குப் பெடல் எட்டாது. அன்றும் எட்டியிருக்காது. இருக்கையை இழுத்துக் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. "எனக்குச் சரியா செட் பண்ணி வச்சிருக்கேன், மாத்தாத" என்று சாவி கொடுக்கும்போதே சொன்னேன். தூண் அங்கேயேதான் நின்றது. அவளை அதில் கொண்டுபோய் முட்டவைத்தது என் பேச்சுதான்.

ஒளியை யார் சரிசெய்தார்களோ அவர்களுக்கு நல்ல கை. நான் ஒருநாளும் கூரையிலிருந்து ஒரே மாலையில் இறக்கியதில்லை.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நீ உட்கார்ந்து செய்த அளவு, நீ இல்லாதபோது உதவாது. மறுபடி செய்யச் சொல். ஓட்டுநர் இருக்கையில் அவள். பக்கத்து இருக்கையில் அறுபத்தெட்டு கிலோ மணல் மூட்டை. அது என் எடை. மாதக் கடைசியில் விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ரயிலா பஸ்ஸா என்று முடிவு செய்யவில்லை, வருவதா என்பதையே அவள்தான் முடிவு செய்ய வேண்டும்.

மூட்டை வேண்டாம் என்றால் பக்கத்து இருக்கையைக் காலியாக வைத்துச் செய்யட்டும். இரண்டு உயரத்தை மட்டும் எழுது. மற்றதை நான் புரிந்துகொள்வேன். நீ எதையும் பூசி மெழுகி எழுத வேண்டாம்.

தூணில் இடித்த உயரத்தை நீ இன்னும் எழுதவில்லை.

அன்புடன்,
அத்தான்

—

மார்ச் 27

அன்புள்ள அத்தானுக்கு,

ஓட்டுநர் பக்கம் அறுபத்தைந்தரை. மறுபக்கம் அறுபத்தைந்து.

நீங்கள் கேட்டது அவ்வளவுதான். அதோடு நிறுத்தினால் நான் நானில்லை என்பதால் மேலே எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை இந்தத் தடவை நானே அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்தாள். தெர்மாமீட்டர் வரியில் மூக்கால் ஒரு சத்தம் வந்தது, சிரிப்பா சளியா என்று தெரியவில்லை. பெடல் வரிக்கு வந்ததும் அதன்மேல் விரலை வைத்தாள். பிறகு, "இழுத்துப் போட்டேன்னு எழுது. ரெண்டு பல் முன்னால" என்றாள்.

மணலுக்கு நான்தான் அலைந்தேன். மூட்டையைத் தராசில் வைத்து அறுபத்தெட்டுக்கு நிறுத்தினேன். அக்கா பார்த்தாள். "இன்னும் போடு" என்றாள்.

"அத்தான் அறுபத்தெட்டுன்னுதான் எழுதியிருக்காரு."

"அவர் கல்யாணத்தப்பவும் அறுபத்தெட்டுன்னுதான் சொன்னாரு. அன்னிக்கே எழுபத்திரண்டு. போடு."

எழுபத்தைந்துக்கு நிறுத்தினோம். மூட்டையைப் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்து, சீட் பெல்ட்டையும் மாட்டிவிட்டாள். அது சரிந்து அவள் தோளில் சாய்ந்தது. தள்ளிவிடுவாள் என்று பார்த்தேன். "இதுவும் அவரை மாதிரியே, எந்தப் பக்கம் ஆள் இருக்குன்னு தெரியாம சாயுது" என்றாள், தள்ளவில்லை. எழுதும்போது என் கண் கலங்குகிறது, அதை நம்பாதீர்கள், கிடங்கில் பஞ்சுத் தூசி.

சனிக்கிழமை ரயிலில் வாருங்கள். ஸ்டேஷனுக்கு அக்கா தவளையில் வருகிறாளாம். அவள்தான் ஓட்டுவாள். நீங்கள் மூட்டை இருந்த இடத்தில் உட்கார வேண்டும். மூட்டை வழியில் ஒரு யோசனையும் சொல்லவில்லை, ஒரு தடவைகூட "பிரேக்கு, பிரேக்கு" என்று கத்தவில்லை, அதையும் எழுதச் சொன்னாள். வெளியே வந்ததும் விளக்குப் பக்கம் குனியாதீர்கள். இது என் யோசனை.

இனி என் பாவ மூட்டை. உங்களிடம் பொய் எழுதியதில் எனக்கு மூன்று வாரமாகத் தூக்கமில்லை. நீங்கள் "அடி பலமா" என்று கேட்டு எழுதிய கடிதத்தைப் பார்த்தபோது எங்கே ஒளிவது என்று தெரியவில்லை. ஒளியும் அளவில் மெத்தைகூட எங்கள் கடையில் கிடையாது. அக்காவுக்கு எதுவும் தெரியாது என்று எழுதினேனே, அந்த வரியை எழுதும்போது அவள் என் தோளுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். நெற்றி இடித்த வரி அவள் சொல்லி நான் எழுதியது. "இதை நடுவுல போடு, முதல்ல போடாத, அவர் என்ன பண்றாருன்னு பாக்கலாம்" என்றாள். இடது விளக்கின் நட்டு தானாகத் தளரவில்லை. அன்று மாலை ஸ்பேனர் அவள் கையில் இருந்தது. கண்ணடித்தது மட்டும் நிஜம், அது அவளே எதிர்பார்க்காதது. தையல்காரர் சத்தியமாகக் கத்திரிக்கோலோடுதான் வந்தார்.

தூணில் எந்த உயரத்தில் இடித்தது என்று இரண்டு முறை கேட்டுவிட்டீர்கள். நீங்கள் போன மறுவருஷம் தெருவை அகலப்படுத்தினார்கள் அத்தான். அப்போதே தூணை இடித்துவிட்டார்கள்.

என்றும் உங்கள்,
மச்சினன்